விளம்பரக் கண்காணிப்பை முதன்முறையாக அமைப்பவர்களுக்கு: ஆவணம் முதல் ஆர்டர் நோட்டு வரை

சென்னிமலைப் போர்வைகளை எங்கள் வீட்டு முன்னறையிலிருந்து இணையம் வழியாக விற்கத் தொடங்கிய புதிதில், விளம்பரத்துக்குப் போன பணம் எத்தனை ஆர்டர்களைக் கொண்டு வந்தது என்ற கேள்விக்கு என்னிடம் மூன்று விடைகள் இருந்தன. ஒரு மாதத்தில் 58 விற்பனை என்று, ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டாவின் விளம்பரக் கணக்கு காட்டியது. தளத்துக்கு வருவோரையும் வாங்குவோரையும் எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸ் 31 என்றது. என் அம்மா பேக்கிங் மேசையில் வைத்திருக்கும் கோடு போட்ட நோட்டில் 41 ஆர்டர்கள் இருந்தன, அவற்றில் 11 பொட்டலங்கள் வாங்கப்படாமல் கூரியரில் திரும்பி வந்திருந்தன. இந்த மூன்று எண்களும் ஏன் வேறுபட்டன என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதங்களும் கணிசமான பணமும் செலவாயின. சொந்தமாக இணையக் கடை வைத்து, மெட்டாவிலோ கூகுளிலோ மாதம் சில ஆயிரம் ரூபாய்க்கு விளம்பரம் செய்யத் தொடங்கியிருக்கும் உங்களுக்கு அந்தச் செலவு மிச்சமாகட்டும் என்றே இதை வரிசையாக எழுதுகிறேன்.

1. ஓர் ஆர்டருக்கு எவ்வளவு விளம்பரச் செலவு தாங்கும் என்று முதலில் கணக்கிடுங்கள்

பலரும் பிக்சலை, அதாவது தளத்தில் நடப்பதை விளம்பர நிறுவனத்துக்குச் சொல்லும் சிறு நிரல் துண்டை, ஒட்டுவதிலிருந்து தொடங்குகிறார்கள். அதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டிய ஓர் எண் இருக்கிறது. அது தெரியாவிட்டால், விளம்பரக் கணக்கு ஓர் ஆர்டருக்கு 210 ரூபாய் செலவானது என்று காட்டும்போது மகிழ்வதா, விளம்பரத்தை நிறுத்துவதா என்று உங்களால் சொல்ல முடியாது.

என் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். போர்வையின் விலை 899 ரூபாய். கொள்முதல் 430, பேக்கிங் 25, கூரியர் 80, பணம் வசூலிக்கும் கட்டணம் 18, விலைக்குள் அடங்கிய 5 சதவீத ஜிஎஸ்டி 43 என மொத்தம் 596 போக, மீதி 303 ரூபாய். இந்த 303 முழுவதையும் விளம்பரத்துக்குக் கொடுக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கேஷ் ஆன் டெலிவரியில் நூறு ஆர்டர் வந்தால் அவற்றில் 25 திரும்பி வருகின்றன என்று வைத்துக்கொண்டால், பெற்றுக்கொள்ளப்பட்ட 75 பொட்டலங்களில் கிடைப்பது 22,725 ரூபாய். திரும்பி வந்த 25 பொட்டலங்களுக்குப் போக வரக் கூரியர் 4,000 ரூபாய், வீணான பேக்கிங் 625 ரூபாய். இவற்றைக் கழித்தால் நூறு ஆர்டர்களுக்கு 18,100 ரூபாய், அதாவது பதிவாகும் ஓர் ஆர்டருக்கு 181 ரூபாய்தான் மிஞ்சுகிறது. விளம்பரச் செலவு இந்த 181 ரூபாயைத் தொட்டுவிட்டாலே நமக்கு லாபம் இல்லை.

இத்துடன் விளம்பரக் கட்டணத்தின் மீது 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. 10,000 ரூபாய்க்கு விளம்பரம் செய்தால் 11,800 ரூபாய் கையை விட்டுப் போகும். வழக்கமான முறையில் ஜிஎஸ்டி பதிவு செய்தவர்கள், தங்கள் ஜிஎஸ்டி எண்ணை விளம்பரக் கணக்கின் பில்லிங் பகுதியில் சேர்த்திருந்தால், அந்த வரியை, தாங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம். எண்ணைச் சேர்க்க மறந்த மாதங்களின் பில்களைப் பின்னர் திருத்திப் பெறுவது பெரும்பாடு. ஆகவே முதல் ரூபாயைச் செலவிடும் முன்பே அதைச் சேர்த்துவிடுங்கள். பதிவு இல்லாதவர்களும், சிறு வணிகர்களுக்கான எளிய ஜிஎஸ்டி முறையான காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களும் இந்த வரவை எடுக்க முடியாது. அவர்களுக்கு அந்த 18 சதவீதமும் விளம்பரச் செலவோடு சேர்ந்ததே.

2. கணக்குகளும் ஆவணங்களும் உங்கள் பெயரில் இருக்கட்டும்

விளம்பரம் போட்டுத் தருவதாகச் சொன்ன ஒரு சிறு ஏஜென்சியிடம் முதலில் வேலையை ஒப்படைத்தேன். விளம்பரக் கணக்கு, பிக்சல், அனலிட்டிக்ஸ் மூன்றையும் அவர்கள் தங்கள் மின்னஞ்சலிலேயே உருவாக்கியிருந்தார்கள் என்பது, அவர்களை விட்டு விலகும் நாளில்தான் எனக்குத் தெரிந்தது. அதுவரை பிக்சல் சேர்த்து வைத்திருந்த வாடிக்கையாளர் தகவல் எதுவும் என் கைக்கு வரவில்லை. நீங்கள் யாரிடம் வேலை கொடுத்தாலும் சரி, மெட்டா பிசினஸ் கணக்கு, கூகுளின் விளம்பரக் கணக்கான கூகுள் ஆட்ஸ், அனலிட்டிக்ஸ், டேக்குகளை (பிக்சல் போன்ற நிரல் துண்டுகளை) ஒரே இடத்தில் நிர்வகிக்கும் டேக் மேனேஜர் ஆகிய நான்கையும் உங்கள் மின்னஞ்சலில் நீங்களே திறந்து, அவர்களைப் பயனராக மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த நான்குக்கும் கட்டணம் கிடையாது.

கணக்கு திறக்கும்போது நாணயம், நேர மண்டலம் ஆகிய இரண்டையும் நிதானமாகத் தேர்ந்தெடுங்கள். கூகுள் ஆட்ஸில் நாணயத்தைப் பின்னர் மாற்ற முடியாது. மெட்டாவில் இவற்றை மாற்றினால் புதிய விளம்பரக் கணக்கே திறக்க வேண்டிவரும். அனலிட்டிக்ஸிலும் இந்திய நேரம்தான் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று அமெரிக்க நேரத்திலும் மற்றொன்று இந்திய நேரத்திலும் ஓடினால், இரவு வரும் ஆர்டர்கள் இரண்டிலும் வெவ்வேறு தேதிகளில் விழும்.

கையில் வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள்: பான் அட்டை, ஜிஎஸ்டி சான்றிதழ் அல்லது சிறு தொழில்களுக்கு அரசு தரும் உத்யம் சான்றிதழ், முகவரியுடன் கூடிய வங்கி அறிக்கை, உங்கள் வலைத்தள முகவரியிலேயே முடியும் ஒரு மின்னஞ்சல். விளம்பரம் செய்பவர் யார் என்று ஆவணம் கேட்டு உறுதி செய்யும் விளம்பரதாரர் சரிபார்ப்பில் பெரும்பாலும் சிக்குவது பெயர்தான். தனிநபர் நிறுவனங்களுக்கு ஜிஎஸ்டி சான்றிதழில் சட்டப்பூர்வப் பெயர் என்ற இடத்தில் உரிமையாளரின் பெயரும், வணிகப் பெயர் என்ற இடத்தில் கடையின் பெயரும் இருக்கும். நான் கடைப் பெயரைக் கொடுத்து உரிமையாளர் பெயருள்ள பான் அட்டையை இணைத்ததால் விண்ணப்பம் ஒருமுறை திரும்பி வந்தது. இரண்டு வாரங்கள் வீணாயின. கொடுக்கும் பெயர், இணைக்கும் ஆவணத்தில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். தீபாவளி விற்பனைக்கு விளம்பரம் செய்ய நினைப்பவர்கள் ஆவணி மாதத்திலேயே இந்த வேலையை முடித்துவிடுவது நல்லது.

வலைத்தள முகவரி உங்களுடையதே என்று மெட்டாவிடம் உறுதி செய்யும் வேலையும் இப்போதே முடியட்டும். அந்த முகவரியை (டொமைனை) வாங்கிய இடத்தின் டிஎன்எஸ் என்ற முகவரி அமைப்புப் பகுதியில் ஒரு வரியைச் சேர்த்தால் போதும். அது நடைமுறைக்கு வர 72 மணி நேரம் வரை ஆகலாம்.

3. பிக்சலையும் டேகையும் ஒருமுறை மட்டும் ஒட்டுங்கள்

என் கணக்கில் 58 என்று வந்ததற்குக் காரணம் இந்தப் படியில் செய்த பிழைதான். கடை மென்பொருளோடு சேர்த்து நிறுவும் செருகுநிரல் (பிளகின்) ஒரு பிக்சலை ஒட்டியிருந்தது. ஏஜென்சி அதே பிக்சலைத் தளத்தின் தலைப்பகுதியில் கையாலும் ஒட்டியிருந்தது. 29 விற்பனைகள் இரண்டிரண்டாக எண்ணப்பட்டு 58 ஆகிவிட்டன. ஷாப்பிஃபை, வூகாமர்ஸ் போன்றவற்றைப் பயன்படுத்துபவர்கள் அவற்றுக்கான அதிகாரப்பூர்வ மெட்டா, கூகுள் செருகுநிரல்களை நிறுவினாலே போதும். யூடியூப் காணொளியைப் பார்த்து மேற்கொண்டு ஒரு குறிமுறையை ஒட்டாதீர்கள்.

பொருளைப் பார்த்தல், கூடையில் சேர்த்தல், பணம் கட்டும் பக்கத்தைத் தொடங்குதல், வாங்குதல் ஆகிய நான்கு நிகழ்வுகள் தொடக்கத்துக்குப் போதும். வாங்குதல் நிகழ்வோடு தொகை, நாணயம், ஆர்டர் எண் மூன்றும் கட்டாயம் சேர்ந்து போக வேண்டும். ஆர்டர் எண் போனால்தான், வாங்கி முடித்ததும் வரும் நன்றிப் பக்கத்தை வாடிக்கையாளர் மறுமுறை திறக்கும்போது கூகுள் அதை இரண்டாவது விற்பனையாக எண்ணாமல் விடும்.

கூகுள் ஆட்ஸில் இதைப் போன்ற இன்னொரு பொறி உண்டு. ஆட்ஸின் சொந்த டேக் ஒரு விற்பனையைப் பதிவு செய்யும். அனலிட்டிக்ஸிலிருந்து இறக்குமதி செய்த விற்பனையும் அதே பட்டியலில் வந்து நிற்கும். இரண்டும் முதன்மை என்று குறிக்கப்பட்டிருந்தால் ஒரே போர்வை இரண்டு முறை விற்றதாகக் கணக்கு வரும், விளம்பரத்துக்கு எவ்வளவு கொடுப்பது என்று கூகுளே முடிவு செய்யும் தானியங்கி ஏல முறையும் அந்தப் பொய்க் கணக்கை நம்பிக் கூடுதலாகச் செலவு செய்யும். ஒன்றை முதன்மையாகவும் மற்றதை இரண்டாம் நிலையாகவும் வையுங்கள்.

எதிர்ப்பக்கத்தில், விற்பனை பதிவாகாமல் போவதற்கு நம் நாட்டில் முக்கியக் காரணம் யூபிஐ. வாடிக்கையாளர் பணம் கட்டும் பக்கத்திலிருந்து யூபிஐ செயலிக்குப் போகிறார், ரகசிய எண்ணைப் போடுகிறார், பணம் போய்விட்டது என்ற ஒலியைக் கேட்டதும் ஃபோனைப் பையில் வைத்துவிடுகிறார். உலாவிக்கு அவர் திரும்பி வராததால் நன்றிப் பக்கம் திறப்பதே இல்லை. அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிக்சலுக்கு விற்பனை நடந்ததே தெரியாது. எங்கள் நோட்டில் இருந்த 41 ஆர்டர்களில் 10 இப்படித்தான் தொலைந்து, அனலிட்டிக்ஸில் 31 மட்டும் தெரிந்தன. இதற்குத் தீர்வு, விற்பனைச் செய்தியை வாடிக்கையாளரின் உலாவியை நம்பாமல் கடையின் சர்வரிலிருந்தே அனுப்புவது. மெட்டாவில் இதற்குக் கன்வெர்ஷன்ஸ் ஏபிஐ என்று பெயர். ஷாப்பிஃபை கடைகளில் மெட்டா செருகுநிரலின் தகவல் பகிர்வு அமைப்பில் இதை இயக்கலாம். தனியாக எழுதப்பட்ட தளங்களுக்கு ஒரு நிரலர் தேவை, எனக்கு அரை நாள் வேலைக்கு 3,500 ரூபாய் ஆயிற்று. உலாவி அனுப்பும் நிகழ்வும் சர்வர் அனுப்பும் நிகழ்வும் ஒரே நிகழ்வு எண்ணைச் சுமந்திருந்தால்தான் மெட்டா இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கும். நிரலரிடம் வேலை கொடுக்கும்போது இந்த ஒரு வரியை எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

4. உங்கள் கடையிலேயே ஒரு பொருளை வாங்கிப் பாருங்கள்

விலை குறைந்த ஒரு பொருளை, உண்மையான பணத்தைக் கட்டி, உங்கள் ஃபோனிலிருந்தே ஆர்டர் செய்யுங்கள். ஒருமுறை கேஷ் ஆன் டெலிவரியிலும், ஒருமுறை யூபிஐயில் பணம் கட்டிவிட்டு உலாவிக்குத் திரும்பாமலும் செய்து பாருங்கள். கணினியில் சோதிக்கும்போது குரோம் உலாவிக்கு மெட்டா பிக்சல் ஹெல்பர், கூகுளின் டேக் அசிஸ்டன்ட் இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. மெட்டாவின் ஈவன்ட்ஸ் மேனேஜரில் சோதனை நிகழ்வுகள் என்ற பகுதியும், அனலிட்டிக்ஸில் டீபக் வியூ என்ற பகுதியும் நிகழ்வுகளை அப்போதைக்கப்போதே காட்டும். ஆனால் அனலிட்டிக்ஸின் வழக்கமான அறிக்கைகள் நிறைவடைய 24 முதல் 48 மணி நேரம் ஆகும் என்பதால், காலையில் ஒட்டிய டேக் மாலையில் எதையும் காட்டவில்லை என்று பதறிப்போய் மீண்டும் ஒன்றை ஒட்டிவிடாதீர்கள்.

அனலிட்டிக்ஸில் மேலும் இரண்டு அமைப்புகளை அன்றைக்கே மாற்ற வேண்டும். பணம் கட்டும் இணையதளத்துக்குப் போய்த் திரும்பும் வாடிக்கையாளரை அந்த இணையதளம்தான் அனுப்பி வைத்தது என்று அனலிட்டிக்ஸ் தவறாக எழுதிக்கொள்ளும். அந்த இணையதளத்தின், அதாவது உங்கள் பேமென்ட் கேட்வேயின் முகவரியை, வேண்டாத பரிந்துரைகளின் பட்டியலில் சேர்த்தால் அது நிற்கும். அடுத்தது, தகவல் சேமிப்புக் காலம் தொடக்கத்தில் 2 மாதம் என்றே இருக்கும். அதை 14 மாதமாக மாற்றாவிட்டால், சென்ற ஆண்டுப் பொங்கல் விற்பனையை இந்த ஆண்டோடு எக்ஸ்ப்ளோரேஷன் என்ற விரிவான ஆய்வுப் பகுதியில் ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. பின்னால் மாற்றினாலும் ஏற்கெனவே அழிந்தவை திரும்ப வராது.

5. ஒவ்வொரு விளம்பர இணைப்புக்கும் பெயர் கொடுங்கள்

விளம்பரத்தில் கொடுக்கும் இணைப்பின் வாலில் யூடிஎம் குறிகளைச் சேர்த்தால், வந்தவர் எந்தத் தளத்தின் எந்த விளம்பரத்தைத் தொட்டு வந்தார் என்பது அனலிட்டிக்ஸிலும், பெரும்பாலான கடை மென்பொருள்களில் ஆர்டரின் அடியிலும் பதிவாகும். சோர்ஸ், மீடியம், கேம்பெயின் என்ற மூன்றும் கட்டாயம். ஒரே பிரச்சாரத்தில் பல படங்களைப் போடுபவர்கள் நான்காவதாகக் கன்டென்ட் என்பதையும் நிரப்புங்கள். கூகுளின் இலவசப் பக்கம் ஒன்றில் பெட்டிகளை நிரப்பினாலே இணைப்பு தயாராகிவிடும்.

இங்கே ஒழுங்குதான் முக்கியம். ஃபேஸ்புக் என்பதை ஒரு நாள் பெரிய எழுத்தில் தொடங்கியும் மறுநாள் சிறிய எழுத்திலும் எழுதினால், அனலிட்டிக்ஸில் அவை இரண்டு தனி வரிகள். எல்லாவற்றையும் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், இடைவெளிக்குப் பதில் சிறு கோடு போட்டு எழுதுவது என்று முதல் நாளே முடிவு செய்து, ஓர் எக்செல் தாளில் பெயர்களைக் குறித்து வையுங்கள். உங்கள் தளத்துக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குப் போகும் இணைப்புகளில் யூடிஎம் போடவே கூடாது. போட்டால் விளம்பரம் கொண்டு வந்த வாடிக்கையாளர் உங்கள் முகப்புப் படத்தின் கணக்கில் ஏறிவிடுவார். கூகுள் விளம்பரங்களுக்கு, இணைப்பில் குறியைத் தானே சேர்க்கும் தானியங்கிக் குறியிடல் என்ற அமைப்பு இயக்கத்தில் இருந்தால் போதும்.

6. வாட்ஸ்அப்பில் வரும் ஆர்டரை விட்டுவிடாதீர்கள்

எங்களுக்கு வரும் ஆர்டர்களில் நல்லதொரு பங்கு, விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, தளத்தில் வாங்காமல் வாட்ஸ்அப்பில் கேட்டு வருபவை. பிக்சலுக்கு இவை எட்டா. நான் கண்ட எளிய வழி இது: வாட்ஸ்அப் இணைப்பில், வாடிக்கையாளர் அனுப்ப வேண்டிய முதல் செய்தியை முன்கூட்டியே எழுதி வைக்கலாம். “நீலக் கட்டம் போட்ட போர்வை பற்றிக் கேட்க வேண்டும், எண் 3” என்று ஒரு விளம்பரத்துக்கும், “எண் 4” என்று அடுத்ததற்கும் வைத்தேன். செய்தி வந்ததும் அந்த எண்ணை அம்மா நோட்டில் எழுதிக்கொள்வார். சிலர் அந்தச் செய்தியை அழித்துவிட்டு “அக்கா, விலை என்ன?” என்று மட்டும் கேட்பார்கள்; அவர்களிடம் எங்கே பார்த்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டால் சொல்லிவிடுகிறார்கள். ஃபோனில் அழைப்பவர்களுக்கு, விளம்பரத்துக்கு ஒன்றாக வெவ்வேறு தள்ளுபடிக் குறியீடு கொடுப்பது உதவும்.

7. எண்கள் ஒத்துப்போகவில்லை என்றால் எதைப் பார்ப்பது

மேற்சொன்ன பிழைகளை எல்லாம் நீக்கிய பிறகும் மெட்டா ஓர் எண்ணையும் கூகுள் வேறோர் எண்ணையும் காட்டும். மெட்டாவின் வழக்கமான அமைப்பில், விளம்பரத்தைத் தொட்ட 7 நாட்களுக்குள்ளும், தொடாமல் பார்த்த 1 நாளுக்குள்ளும் நடக்கும் விற்பனையை அது தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். கூகுள் ஆட்ஸுக்குத் தொட்டதிலிருந்து 30 நாள் என்பது தொடக்க அமைப்பு. செவ்வாயன்று இன்ஸ்டாகிராமில் உங்கள் விளம்பரத்தைத் தொட்டவர், வியாழனன்று கூகுளில் தேடி உங்கள் விளம்பரம் வழியாகவே வந்து வாங்கினால், இருவருமே தாங்கள் விற்றதாகச் சொல்வார்கள். இரண்டையும் கூட்டிப் போடுவது புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு.

தேதியும் குழப்பும். கூகுள் ஆட்ஸ் விற்பனையை விளம்பரம் தொடப்பட்ட நாளில் எழுதுகிறது. அனலிட்டிக்ஸ் விற்பனை நடந்த நாளில் எழுதுகிறது. ஆகவே நேற்றைய விளம்பரத்தின் பலனை இன்றே பார்த்தால் அது எப்போதும் குறைவாகவே தெரியும். மேலும், இன்ஸ்டாகிராமுக்குள் திறக்கும் உலாவியில் பார்த்தவர் இரவில் குரோமில் திறந்து வாங்கினால் இரண்டும் ஒருவரே என்பது, உலாவியில் பதியும் அடையாளக் குறிப்பான குக்கீக்குத் தெரியாது. ஐஃபோனில் 2021 ஏப்ரலில் வந்த ஐஓஎஸ் 14.5 முதல், செயலிகள் பயனரிடம் அனுமதி கேட்ட பிறகே அவரைப் பிற செயலிகளிலும் தளங்களிலும் பின்தொடர முடியும். இந்த ஓட்டைகள் அடையா. விளம்பரக் கணக்கின் எண்ணை, ஒரே தளத்தில் உள்ள இரண்டு விளம்பரங்களில் எது மேல் என்று பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். லாப நட்டத்துக்கு அதை எடுக்காதீர்கள்.

8. வாரம் ஒருமுறை நோட்டோடு ஒப்பிடுங்கள்

எக்செல் தாளில் ஆறு பத்திகள் போதும்: ஆர்டர் எண், தேதி, வந்த வழி, தொகை, பணம் கட்டிய முறை, கூரியரின் முடிவு. கடைசிப் பத்திதான் உயிர்நாடி. அதை நிரப்பியபோதுதான், விளம்பரக் கணக்கில் மிக மலிவாகத் தெரிந்த ஒரு காணொளி விளம்பரம் கொண்டு வந்த ஆர்டர்களில் பாதி திரும்பி வந்திருப்பது எனக்குத் தெரிந்தது. ஓர் ஆர்டருக்கு 60 ரூபாய் கூடுதலாகத் தின்ற தேடல் விளம்பரத்தின் வாடிக்கையாளர்களோ பெரும்பாலும் முன்பணம் கட்டியவர்கள். காணொளியை நிறுத்தினேன். விளம்பரக் கணக்கை மட்டும் பார்த்திருந்தால் நேர்மாறாகச் செய்திருப்பேன்.

கூரியரின் முடிவு தெரிய எங்கள் அனுபவத்தில் பத்து முதல் பதினைந்து நாட்கள் ஆகின்றன; அதனால் ஒரு வாரத்து விளம்பரத்தை மூன்றாவது வாரத்தில் மதிப்பிடுகிறேன். இடையில் கை அரித்தாலும் தொகையையோ படத்தையோ தினமும் மாற்றாதீர்கள். மெட்டாவில் ஒரு விளம்பரத் தொகுதி, யாருக்குக் காட்டினால் விற்கும் என்று அறிந்துகொள்ளும் கற்றல் நிலையைத் தாண்ட, பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் ஒரு வாரத்தில் சுமார் 50 விற்பனை தேவை என்பது அவர்களே சொல்லும் அளவு. நாளொன்றுக்கு 500 ரூபாய் செலவிடும் நம்மால் அதை எட்ட முடியாது என்பது உண்மைதான். இருந்தாலும் அந்த 500 ரூபாயை ஐந்து தொகுதிகளாகப் பிரிப்பதைவிட ஒன்றில் வைப்பது நல்லது.

9. வாடிக்கையாளர் தகவலையும் பராமரிப்பையும் மறவாதீர்கள்

பிக்சலும் சர்வரும் வாடிக்கையாளரின் ஃபோன் எண், மின்னஞ்சல் போன்றவற்றைக் குறியாக்கம் செய்து விளம்பர நிறுவனத்துக்கு அனுப்பலாம். இதைத் தளத்தின் தனியுரிமைப் பக்கத்தில் தெளிவாகச் சொல்லி ஒப்புதல் பெறுங்கள். 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையே ஒப்புதல்தான். பாரிஸ், லண்டன் என வெளிநாட்டுத் தமிழர்களுக்கும் விளம்பரம் செய்பவர்கள், அங்கிருந்து வருபவர்களிடம் குக்கீ ஒப்புதலைக் கேட்டு அதை கூகுள் டேகுக்குத் தெரிவிக்கும் அமைப்பையும் சேர்க்க வேண்டும்.

தளத்தின் தோற்றத்தை மாற்றும்போதும், செருகுநிரலைப் புதுப்பிக்கும்போதும், பேமென்ட் கேட்வேயை மாற்றும்போதும் டேக்குகள் சத்தமில்லாமல் அறுந்துபோகும். அதனால் ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி நான்காம் படியில் சொன்ன சோதனை ஆர்டரை ஒருமுறை போட்டுப் பார்க்கிறேன். எங்கள் கடையில் அதற்கென்றே 49 ரூபாய்க்கு ஒரு கைக்குட்டை இருக்கிறது.